பத்தடி அறையும் மடக்கு மேசையும்

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் சரக்கு ஏற்றிச் சென்ற படகுகளின் பின்கோடியில் ஒரு சிறிய அறை இருந்தது. நீளம் ஏறத்தாழ 10 அடி. உள் அகலம் ஏழடிக்கும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த அறைக்குள் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று வளர்த்தன. அந்த அறையைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் வியந்து நிற்கும் பொருள் ஒன்று உண்டு: சுவரலமாரியின் கதவாக நிற்கும் பலகை, தாழ்ப்பாளை விலக்கிக் கீழே இறக்கினால் சாப்பாட்டு மேசையாகிவிடும். இதே முறையில் இன்னொரு அலமாரியின் கதவு கட்டிலாகும். சிக்கனமான வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக இவற்றைக் காட்டுவது வழக்கம். அந்தப் பாராட்டு பொய்யில்லை என்றாலும் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறது என்பது என் வாதம். மடக்கு மேசை இடத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இடத்துக்குப் பதிலாக ஒருவருடைய நேரத்தையும் உழைப்பையும் வாங்கிக்கொள்கிறது. கால்வாய்ப் படகில் அந்த இடம் யாருக்குப் போயிற்று, அந்த உழைப்பு யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மேசையின் வரலாறு முழுமையாகும்.

முதலில் அறை ஏன் அவ்வளவு சிறிதாக இருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். ட்ரென்ட் நதியையும் மெர்சி நதியையும் இணைக்கும் கால்வாய்க்கு 1766இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. வழியில் ஹேர்காசில் குன்றைக் குடைந்து ஒன்றரை மைலுக்கும் மேல் நீண்ட சுரங்கம் போடவேண்டியிருந்தது. சுரங்கத்தின் அகலம் கூடினால் செலவு பன்மடங்காகும். படகை ஏற்றி இறக்கும் லாக்கின் அகலம் கூடினால் ஒவ்வொரு முறையும் மேட்டிலிருந்து இறங்கிப்போகும் தண்ணீரும் கூடும். அதனால் லாக்குகள் ஏறத்தாழ 7 அடி அகலம், 72 அடி நீளம் என்ற அளவில் கட்டப்பட்டன. பிரிண்ட்லி 1772இல் இறந்துவிட்டார். கால்வாய் 1777இல் முடிந்தது. நடு இங்கிலாந்தின் பல கால்வாய்கள் அந்த அளவையே பின்பற்றின. ஆக, படகின் நீளமும் அகலமும் படகு கட்டுகிறவர் கையில் இல்லை. அவரால் முடிவு செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: அந்த எழுபது அடிக்குள் சரக்குக்கு எவ்வளவு, மனிதருக்கு எவ்வளவு. ஒரு படகு ஏறத்தாழ 25 டன் ஏற்றும்; சரக்குக் கிடங்கின் நீளம் ஐம்பதடிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், அடிக்கு ஏறக்குறைய அரை டன் வருகிறது. கூலியோ பெரும்பாலும் டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கில். அறையை மூன்றடி நீட்டினால் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றரை டன் வருமானம் போகும். அதுவும் படகு உளுத்து மூழ்கும் வரை.

இந்தக் கணக்குக்கு விவரமறிந்த ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும். படகு எவ்வளவு ஏற்றும் என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்தது கிடங்கின் நீளமில்லை, கால்வாயின் ஆழம். இரும்போ கல்லோ ஏற்றினால் கிடங்கு நிரம்பும் முன்பே படகின் அடி தரையைத் தொட்டுவிடும். அப்படியானால் மூன்றடி விட்டுக்கொடுப்பதில் நட்டமென்ன? நியாயமான கேள்வி. ஆனால் படகு ஒரு சரக்குக்காக மட்டும் கட்டப்படுவதில்லை. போகும்போது இரும்பு, திரும்பும்போது தானியமோ பெட்டிச் சரக்கோ. இலேசான சரக்குக்கு இடம்தான் எல்லை. நிலக்கரியே 25 டன் ஏற்றினால் கிடங்கை ஏறக்குறைய நிறைத்துவிடும். அறை நீண்டால் சுமை முழுதும் முன்பக்கம் தள்ளிப்போய் மூக்குத் தாழ்ந்து படகு ஓட்டமும் கெடும். இதைவிட வலுவான சான்று படகுகளிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதிகமான சில குடும்பங்களின் படகில் முன்கோடியில் இன்னொரு குட்டி அறை கட்டப்பட்டது. தேவை மிக முற்றியபோது இடம் கிடைத்தது என்றால், மற்ற நேரங்களில் அது கிடைக்காததற்கு மரமோ தண்ணீரோ காரணமாக இருந்திருக்க முடியாது.

தொடக்க காலத்தில் இந்த அறை குடும்பத்துக்காக வந்ததில்லை. படகோட்டும் ஆண்கள் இரவு ஒதுங்கும் இடமாகத்தான் வந்தது. அவர்களில் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. 1830களிலும் 1840களிலும் ரயில் வந்து சரக்குக் கட்டணத்தைக் கீழே தள்ளியபோது, கூலியாள் வைக்கக் கட்டுப்படியாகாமல் படகோட்டி தன் மனைவி மக்களையே ஏற்றிக்கொண்டான், வீட்டு வாடகையும் மிச்சமாயிற்று என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம். 1975இல் வெளிவந்த தம் நூலில் ஹாரி ஹான்சன் இதைக் கேள்விக்குட்படுத்தினார்: ரயிலுக்கு முன்பே, அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பெண்களும் குழந்தைகளும் படகில் இருந்தார்கள். சான்றுகள் அவர் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் என் வாதத்துக்கு அதனால் பெரிய சேதமில்லை. ரயில் தொடங்கி வைத்ததோ, இருந்ததைப் பெருக்கியதோ, எப்படியானாலும் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பப் படகு சாதாரணக் காட்சியாகிவிட்டது. அறையின் நீளமோ அப்படியே நின்றது. இரண்டு ஆண்கள் படுத்த இடத்தில் தாய், தகப்பன், நான்கைந்து பிள்ளைகள். கூடியது ஆள்கள் மட்டுமே என்றால், மாறவேண்டியது அறைக்குள் இருந்த சாமான்கள்தான்.

அந்த அறைக்குள் இறங்கிப் பார்ப்போம். சுக்கான் பிடிப்பவர் நிற்கும் பின்புறத் திறப்பிலிருந்து உள்ளே கால் வைக்கும் படியே நிலக்கரிப் பெட்டி. இடப்பக்கம் வாசலை ஒட்டி இரும்பு அடுப்பு. அதற்கு அடுத்து மேசை அலமாரி. கீல் கீழ்விளிம்பில் இருப்பதால் கதவு முன்னோக்கிச் சாய்ந்து இறங்கி மட்டமாக நிற்கும்; அப்போது அலமாரியின் உள்ளே இருக்கும் ரொட்டியும் தட்டுகளும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். மேசைக்கடியில் கத்தி, கரண்டி வைக்கும் இழுப்பறை. எதிரே, வலப்பக்கச் சுவரோடு நீளமான இருக்கைப் பலகை; அதுவே பிள்ளைகளின் படுக்கை, அதனடியில் துணிமணி. அறையின் முன்கோடியில் படுக்கை அலமாரி. இரவில் அதன் கதவை இறக்கினால் அது அறையின் குறுக்கே பாய்ந்து எதிர் இருக்கையில் போய்த் தங்கும். கணவனும் மனைவியும் படகின் அகலத்துக்கு, குறுக்காகப் படுக்கவேண்டும். பகலில் மெத்தையும் போர்வையும் அதே அலமாரிக்குள் போய்விடும். தண்ணீர் வைக்க உள்ளே இடமில்லாததால் வண்ணம் தீட்டிய தண்ணீர்க் குடுவை அறையின் கூரைமேல் இருந்தது. துணி துவைப்பது கரையில்.

இதில் அடுப்பு இருக்கும் இடத்தைக் கவனிக்கவேண்டும். குதிரை இழுத்த காலத்தில் ஒருவர் குதிரையோடு கரையில் நடப்பார், ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். சுக்கானில் நிற்பவர் பெரும்பாலும் மனைவி. திறப்புக்குள் நின்றபடி பின்னால் சுக்கான்கட்டையை இடுப்பால் அணைத்துக்கொண்டு, முழங்காலுக்குப் பக்கத்திலிருக்கும் அடுப்பில் கொதிக்கும் சட்டியைக் கிளறலாம். அடுப்பு அறையின் உட்பகுதியில் இருந்திருந்தால் இது நடக்காது. சாப்பாடும் பெரும்பாலும் ஓட்டத்திலேயே முடிந்தது. தேநீர்க் கோப்பையும் தட்டும் திறப்பின்மேல் இழுத்து மூடும் பலகையில் வைக்கப்பட்டன. குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் காட்சி, படகு எங்காவது காத்துக் கிடந்தபோதே சாத்தியம். அப்படியானால் மேசை எதற்கு? மாவு பிசைய, இறைச்சி நறுக்க, குழந்தைக்குத் துணி மாற்ற. அது முதலில் வேலைப்பலகை, பிறகுதான் உணவு மேசை. இறக்கியதும் அது நடைவழியை ஏறக்குறைய அடைத்துவிடும். மேசை கீழே இருக்கையில் ஒருவர் உள்ளே போகவேண்டுமானால் இன்னொருவர் எழுந்து மேசையைத் தூக்கியாக வேண்டும். கட்டிலை இறக்கியபின் முன்கோடியில் உள்ளதை எடுக்க முடியாது. வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கும் காரியங்கள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் தொடங்குமுன் முந்தையதைச் சுருட்டி, துடைத்து, மூடவேண்டும்.

அந்தச் சுருட்டலும் மூடலும் யார் வேலை என்பதற்கு நிறுவனக் கணக்கேடுகளில் விடை இருக்காது. நிறுவனம் படகுத் தலைவனோடு ஒப்பந்தம் செய்து அவனுக்கே கூலி கொடுத்தது; துணையாள் தேடிக்கொள்வது அவன் பொறுப்பு. துணையாள் மனைவியாக இருந்தால் அவள் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறுவதில்லை. சுக்கான் பிடித்ததும் லாக் திறந்ததும் எப்படிக் கணக்கில் வரவில்லையோ, அப்படியே பத்தடி அறையை நாளொன்றுக்குப் பலமுறை அடுக்களையாகவும் படுக்கையறையாகவும் மாற்றிய உழைப்பும் வரவில்லை. இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் அதே காலத்தின் இன்னொரு மடக்கு அறையோடு ஒப்பிடலாம். அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மேன் 1860களில் வடிவமைத்த தூங்கும் ரயில் பெட்டிகளில் மேல்படுக்கை கூரையோரத்திலிருந்து இறங்கும், எதிரெதிர் இருக்கைகள் சேர்ந்து கீழ்ப்படுக்கையாகும். பயணி தன் கையால் எதையும் மடக்கவேண்டியதில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் புல்மேன் பணியாளர்களாக எடுத்தார். இருக்கையைப் படுக்கையாக்குவதும் காலையில் மீண்டும் இருக்கையாக்குவதும் அவர்கள் வேலை. அற்பச் சம்பளம், பயணிகளின் இனாமே பிழைப்பு. அந்த வேலை எவ்வளவு கனமானது என்பது 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்து, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது எல்லாருக்கும் தெரிந்தது. புல்மேன் பெட்டியில் மடக்குவது ஒரு தொழில். அதற்கு நேரம் உண்டு, கூலி உண்டு, கடைசியில் சங்கமும் உண்டு. கால்வாய்ப் படகில் அதே வேலை இல்லறம் என்ற கணக்கில் போய்விட்டது.

மடக்கு மேசை படகுக்கே உரியதில்லையே, ஆங்கிலேய வீடுகளில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே கால் மடங்கும் மேசைகள் உண்டே, இடத்துக்குக் குறைவில்லாத செல்வர்கள்கூட அவற்றை வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், தச்சனுக்குக் கீல் புதிதில்லை. வேறுபாடு மடக்கியபின் என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. வீட்டு மேசையின் சிறகுகளைத் தாழ்த்தினாலும் மேசை மேசையாகவே சுவரோரம் நிற்கும். அதன்மேல் பூச்சாடி வைக்கலாம். படகில் மேசை மறைந்து கதவாகிவிடுகிறது. மேலே எதையும் விட்டுவைக்க முடியாது. கப்பற்படையைச் சொல்பவர்களும் உண்டு. பாய்மரப் போர்க்கப்பல்களில் பீரங்கிகளுக்கு இடையே தொங்கிய உணவு மேசைகளைச் சண்டைக்கு முன் கழற்றி அப்புறப்படுத்துவார்கள். ஆனால் அந்த எடுத்துக்காட்டு எனக்கு எதிராகப் பேசவில்லை. அங்கே மேசை பீரங்கிக்கு வழிவிட்டது, இங்கே நிலக்கரிக்கு வழிவிட்டது. ஜிப்ஸிகளின் குடில்வண்டிகள் வேறு கதை. அவற்றின் உள்ளமைப்பு படகறையைப் போலவே இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. இரண்டுக்கும் அகலத்தை வெளியிலிருந்து வேறொன்று, சாலையோ லாக்கோ, தீர்மானித்தது. ஒரே நெருக்கடி ஒரே தச்சுவேலையைத் தந்தது என்பதே எனக்குப் போதுமான விளக்கமாகப் படுகிறது.

அரசு இந்த அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அது எதை அளந்தது என்பது சுவையான செய்தி. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், செங்கல் சூளைக் குழந்தைகளுக்காகப் போராடி 1871இல் சட்டம் வரச் செய்தவர், அடுத்துக் கால்வாய்ப் பக்கம் திரும்பினார். படகு மக்களின் நிலை பற்றி 1875இல் அவர் வெளியிட்ட நூல், அழுக்கு, குடி, கல்வியின்மை, ஒழுக்கக்கேடு என்று அடுக்கியது. எண்ணிக்கையில் அவர் கை தாராளம். ஒரு இலட்சம் பேர் என்றார், பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 1877இல் கால்வாய்ப் படகுகள் சட்டம் வந்தது. 1884இல் அது வலுப்படுத்தப்பட்டது. படகு குடியிருப்பாகப் பதிவாக வேண்டும். ஆளுக்கு 60 கன அடி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 40 கன அடி காற்றிடம் வேண்டும். பின்புற அறையில் குறைந்தது 180 கன அடி இருக்கவேண்டும். கணவன் மனைவி உறங்கும் அறையில் 12 வயதைக் கடந்த பெண்ணும் 14 வயதைக் கடந்த ஆணும் உறங்கக்கூடாது. கூட்டிப் பார்த்தால், தாயும் தகப்பனும் ஒரு குழந்தையும் இருந்தாலே குறைந்தபட்ச அறையின் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. இந்த விதிகளால் தொற்றுநோயும் நெரிசலும் குறைந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் அளந்தது இரவில் உறங்குகிறவர்களின் காற்றை. பகலில் யார் எங்கே நிற்க முடியும், பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பது கன அடியில் வராது. மேசையை மடக்கினாலும் விரித்தாலும் காற்று அதேதான். சட்டம் அறையை நீட்டச் சொல்லவில்லை. அறையிலிருந்து ஆளைக் குறைக்கச் சொன்னது. வளர்ந்த மகள் உறவினர் படகுக்குப் போனாள், அல்லது ஆய்வாளர் வரும் நாளில் எங்காவது போனாள். பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் படகிலிருந்தே விலக்கவேண்டும் என்ற யோசனை 1920களில் எழுந்து மசோதாவாகவும் வந்தது, சட்டமாகவில்லை.

என் வாதத்துக்கு எதிரான மிகக் கனமான மறுப்பு சட்டத்திலிருந்து வருவதில்லை, அறையின் சுவர்களிலிருந்தே வருகிறது. இது வெறும் நெருக்கடியாக இருந்தால் அந்த அழகு எங்கிருந்து வந்தது? மேசைக் கதவின் வெளிமுகத்தில் ஏரியும் பாலமும் கோட்டையும் கொண்ட வண்ண ஓவியம், சுற்றிலும் ரோஜாக்கள். பின்னல் ஓரம் வைத்த திரைகள், துளையிட்ட விளிம்புடைய தட்டுகள், தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் பித்தளைக் குமிழ்கள். 1858இலேயே, டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் ஜான் ஹாலிங்ஸ்ஹெட் கால்வாய்ப் பயணம் பற்றி எழுதியபோது இந்த அலங்கார மோகத்தைக் குறித்துவைத்தார். இத்தனை பெருமிதத்தோடு வாழ்ந்தவர்களை நெருக்கடியின் பலிகளாகக் காட்டுவது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாதா? ஸ்மித்தைப் படித்தபின் இந்தக் கேள்வி அவசியம். அவர் கண்ணில் அழுக்குக்கு மேல் எதுவும் படவில்லை. ஆனால் பெருமிதம் சுமையை மறுக்கும் சான்றாகாது. ஓவியம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: மேசையை இறக்கினால் கோட்டை தலைகீழாகிப் பலகையின் அடியில் போய்விடும். மேசையை ஏற்றித் தாழிட்ட பின்புதான் அது தெரியும். அந்த அறைக்கு ஓவியம் மாட்டத் தனிச் சுவர் கிடையாது. எல்லாச் சுவரும் ஏதோ ஒன்றின் கதவு. வேலை முடிந்து எல்லாம் மூடப்பட்ட நிலையே அறையின் அலங்கார நிலை. அலங்காரத்தையே அளவுகோலாகக் கொண்டு பார்த்தாலும், அது ஒருத்தி அன்றைய மடக்கு வேலைகளை முடித்துவிட்டாள் என்பதற்கான அறிவிப்பு. படகுக்காரப் பெண்கள் ஒருவர் அறையை மற்றவர் கண்டிப்போடு எடைபோட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

அழகை மட்டும் கண்டவர்களில் முதன்மையானவர் எல். டி. சி. ரோல்ட். 1939இல் கிரெஸ்ஸி என்ற படகில் கால்வாய்களைச் சுற்றி, 1944இல் அவர் வெளியிட்ட நூல்தான் இந்த உலகத்தைப் பொதுமக்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1946இல் கால்வாய்ப் பாதுகாப்புச் சங்கம் தோன்றவும் வழி செய்தது. நன்றிக்குரிய நூல். ஆனால் கிரெஸ்ஸி சரக்கு ஏற்றவில்லை. கிடங்கின் நீளம் முழுவதும் வசிக்கும் அறைகளாக மாறியிருந்தது. குளியல் தொட்டிகூட உண்டு. கிடங்கு தம்முடையதாக இருந்தவர், கிடங்குக்கு இடம் கொடுத்து ஒதுங்கியவர்களின் அறையைப் பார்த்து அதன் ஒழுங்கை மெச்சினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படகோட்டப் பயிற்சி பெற்று வந்த இளம் பெண்கள் இதில் சற்று மேலான சாட்சிகள். அவர்கள் இதே அறைகளில் வாழ்ந்து சரக்கையும் கொண்டுபோனார்கள். மூன்று பெண்களுக்கு இரண்டு படகு, அதாவது இரண்டு அறை. அவர்களுக்கே நெருக்கடியாக இருந்த இடத்தில்தான் அதே கால்வாயில் குடும்பங்கள் பிள்ளைகளோடு இருந்தன.

1948இல் கால்வாய்கள் அரசுடைமையாயின. லாரிகளோடு போட்டியிட முடியாமல் சுருங்கிக்கொண்டிருந்த தொழிலை 1962-63 குளிர்காலத்தின் நீண்ட உறைபனி முறித்தது. 1963இல் கால்வாய்களை நடத்திய அரசு வாரியம் தன் குறுகிய படகுகளின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியை நிறுத்தியது. அதன்பின் கால்வாய்களை நிறைத்தவை உல்லாசப் படகுகள். லாக் மாறவில்லை, ஆகவே அகலமும் மாறவில்லை. ஆனால் ஐம்பதடிக் கிடங்கு வரவேற்பறை, அடுக்களை, குளியலறை என்றாகிவிட்டது. இப்படிப் புதிதாகக் கட்டப்படும் படகுகளில் பலவற்றில், பின்கோடியில் பழைய பாணி அறை ஒன்றையும் உரிமையாளர்கள் கேட்டு வாங்குகிறார்கள்: இரும்பு அடுப்பு, குறுக்குக் கட்டில், கோட்டை தீட்டிய மேசைக் கதவு எல்லாம் பழைய அளவுப்படியே. உரிமையாளர்கள் உறங்குவது பெரும்பாலும் நடு அறையின் நிலையான கட்டிலில். பின்னறை விருந்தாளி வந்தால் திறக்கும். அந்த மேசையை மாதக்கணக்கில் மூடியே வைத்திருக்கலாம், திறந்தே போட்டும் வைக்கலாம். அதனால் ஒரு டன் சரக்கும் கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை.